பிரைமரி சண்டையில் இறங்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு முன்னால் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாகப் பிரைமரி நடத்தும் சில மாதங்கள் இருக்கின்றனவே, அப்போது ஆன்லைனில் நடக்கிற சண்டை, நவம்பரில் எதிர்க்கட்சியோடு நடப்பதைவிடக் காட்டமாக இருக்கும். பங்காளிச் சண்டை அப்படித்தான். 2020 ஜனநாயகக் கட்சி பிரைமரியையே பெரும்பாலும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் செய்யக்கூடாத எல்லாவற்றையும் அந்த ஒரே சீசனில் எல்லாத் தரப்பும் செய்து காட்டின.

அடிக்கடி நடப்பது, யார் ஜெயித்தார் என்று மட்டும் பார்ப்பது. மக்கள் போடும் ஓட்டு டெலிகேட்டுகளாக மாறும், அந்த டெலிகேட்டுகள்தான் கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்வார்கள். ஜனநாயகக் கட்சியில் இது விகிதாசார முறை, ஆனால் ஒரு வேட்பாளர் ஓட்டில் 15 சதவீதத்தைத் தொட வேண்டும், தொடாவிட்டால் ஒன்றும் கிடையாது. பிப்ரவரி 11 அன்று நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் போட்டியாளர்களில் பெர்னி சாண்டர்ஸ் 25.6%, பீட் புட்டிஜெஜ் 24.3%. அன்றிரவு ஒரு பக்கம் வெற்றி முழக்கம், இன்னொரு பக்கம் ‘இதெல்லாம் ஒரு வெற்றியா’ என்ற கேலி. டெலிகேட் கணக்கில் பார்த்தால் இருவருக்கும் தலா 9. மூன்றாவதாக வந்த ஏமி க்ளோபுஷாருக்கு 6. எலிசபெத் வாரனும் ஜோ பைடனும் 10 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை, ஆளுக்கொரு பூஜ்யம். குடியரசுக் கட்சியிலோ கதையே வேறு, முதலிடம் பிடித்தவரே மொத்தத்தையும் அள்ளக்கூடிய மாநிலங்களும் உண்டு. 2016-இல் தென் கரோலினாவில் மூன்றில் ஒரு பங்கை எட்டாத ஓட்டை வைத்துக்கொண்டு ட்ரம்ப் அந்த மாநிலத்தின் 50 டெலிகேட்டுகளையும் அள்ளிக்கொண்டு போனார். இரண்டு கட்சிக்கும் ஒரே கணக்கைப் போட்டு வாதாடுகிறவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது, அவசரப்பட்டு ஒருவருக்குக் கருமாதி செய்துவிடுவது. நியூ ஹாம்ப்ஷயரில் பைடன் ஐந்தாவதாக வந்ததும் எல்லாக் குழுக்களிலும் அவர் கதை முடிந்தது என்றே பேசினார்கள். அந்த ஆண்டு முதலில் ஓட்டுப் போட்ட அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழும் மாநிலங்கள், தென் கரோலினாவின் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள் என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. பிப்ரவரி 26 அன்று அந்த மாநிலத்தின் செல்வாக்குள்ள கறுப்பின எம்.பி. ஜிம் க்ளைபர்ன் பைடனுக்கு ஆதரவு அறிவித்தார், 29 அன்று பைடன் அங்கே பாதியை ஒட்டிய ஓட்டு வாங்கினார், மறுநாள் புட்டிஜெஜ் விலகல், அதற்கு மறுநாள் க்ளோபுஷார், பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் மார்ச் 3 சூப்பர் செவ்வாயில் 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. ஒரே வாரம்! சாண்டர்ஸுக்கு எதிரான ஓட்டுகள் கடைசிவரை நான்காகப் பிரிந்தே கிடக்கும் என்று நம்பி எக்செல் ஷீட் போட்டவர்கள் பாவம்.

அயோவா காக்கஸைப் (கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிப்ரவரி 3 இரவு, முடிவுகளை அனுப்ப வைத்திருந்த செயலி சொதப்பியது. அந்தச் செயலியைச் செய்த நிறுவனத்தின் பெயர் ‘ஷேடோ’. பெயரே போதாதா! அப்புறம், புட்டிஜெஜின் பிரசாரக் குழு அதே நிறுவனத்துக்குப் பணம் கொடுத்த கணக்கு ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றியது, அவர் ஏமாற்றிவிட்டார் என்று ஹேஷ்டேக்கும் கிளம்பியது. பணம் கொடுத்தது உண்மைதான். ஆனால் அது வேறொரு மென்பொருள் சேவைக்கு, பைடனின் குழுவும் அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுத்திருந்தது. இந்த வகை வதந்தியில் உள்ள வில்லங்கம் இதுதான்: ஆதாரம் உண்மையாக இருக்கும், அதிலிருந்து தாவிப் பிடித்த முடிவு பொய்யாக இருக்கும். அந்த ஆண்டு ஒவ்வொருவரின் தேர்வும் அட்டையில் எழுதி வாங்கப்பட்டிருந்தது. எனவே செயலி செத்தாலும் காகிதம் இருந்தது, எண்ணுவதற்குத்தான் நாளாகியது. எதையாவது பகிரும் முன் காகித ஆவணம் இருக்கிறதா, மறு எண்ணிக்கைக்கு வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள், பாதி வதந்தி அங்கேயே படுத்துவிடும்.

நம் குழுவில் எல்லோரும் ஒருவரையே ஆதரிப்பதால் நாடே ஆதரிக்கிறது என்று நினைப்பது பழைய வியாதி. 2007 டிசம்பரில் குடியரசுக் கட்சிப் போட்டியாளர் ரான் பாலின் ரசிகர்கள் ஒரே நாளில் இணையத்தில் சுமார் 60 லட்சம் டாலர் திரட்டினார்கள், அடுத்த ஆண்டு ஒரு மாநில பிரைமரியிலும் அவர் ஜெயிக்கவில்லை. 2020 ஜனநாயகக் கட்சிப் போட்டியாளர் ஆண்ட்ரூ யாங்குக்கு மீம் போடப் பெரும்படையே இருந்தது, நியூ ஹாம்ப்ஷயரில் 3 சதவீதம்கூட வரவில்லை. நம்மவர்களும் விதிவிலக்கில்லை. பாலக்காட்டுப் பூர்வீகம், தமிழ் பேசுவார் என்று குடியரசுக் கட்சிப் போட்டியாளர் விவேக் ராமசாமியின் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன. 2024 ஜனவரியில் அயோவாவில் 8 சதவீதத்துக்கும் குறைவாக வாங்கி நான்காவதாக வந்தார், அன்றிரவே விலகிவிட்டார்.

வசவு விஷயத்துக்கு வருவோம். 2020 ஜனவரி விவாதத்துக்குப் பிறகு சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் சிலர் வாரனைத் துரோகி என்று குத்திக்காட்ட அவர் பக்கங்கள் முழுக்கப் பாம்பு எமோஜியாகக் கொட்டினார்கள். இரண்டு மாதத்தில் வாரன் விலகியபோது அவருடைய ஆதரவாளர்களைத் தங்கள் பக்கம் இழுக்க வேண்டிய நிலை அதே ஆட்களுக்கு. சாண்டர்ஸ் களத்தில் இருந்தவரை வாரன் அவருக்கு ஆதரவு அறிவிக்கவில்லை. பாம்புதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், உதவியிருக்காது என்று மட்டும் தாராளமாகச் சொல்லலாம். கமலா ஹாரிஸ் 2019 டிசம்பரில், ஒரு ஓட்டுகூட விழும் முன்பே விலகினார். அவரை வறுத்தெடுத்தவர்கள் அடுத்த ஆகஸ்டில் அவர் துணை அதிபர் வேட்பாளரானதும் பழைய பதிவுகளைத் தேடித் தேடி அழிக்க வேண்டியதாயிற்று. வேட்பாளரைத் திட்டுங்கள், அவரை விரும்புகிற ஆட்களை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, விடிய விடிய வாதாடிவிட்டு ஓட்டுப் போடத் தகுதி இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது. சில மாநிலங்களில் கட்சிச் சார்பில்லாதவரும் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். நியூயார்க்கில் கட்சியில் பதிந்தவர் மட்டுமே போட முடியும். 2016 ஏப்ரல் பிரைமரிக்கு அங்கே கட்சி மாற்றிப் பதியக் கெடு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே முடிந்துவிட்டது (பிறகு அந்த விதி தளர்த்தப்பட்டது). கெடுவைத் தவறவிட்டவர்களில் இவாங்கா ட்ரம்பும் எரிக் ட்ரம்பும் உண்டு, சொந்த அப்பாவுக்கு அவர்களால் ஓட்டுப் போட முடியவில்லை. அவர்கள் ஓட்டு இல்லாமலேயே அங்கே அவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார், அது வேறு விஷயம்.