வீட்டில் வார்ப்பு வேலை: ஊற்றுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

பழைய ரேடியோவுக்கு ஒரு குமிழ், தையல் மெஷினுக்கு ஒரு ரப்பர் பாதம் என்று கடையில் கிடைக்காத சின்னச் சாமான்களை வீட்டிலேயே வார்த்துக்கொள்ளலாம். பலரும் உருக்கும் நேரத்தில்தான் கவனமாக இருக்கிறார்கள். வேலை கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே.

ஆபத்தில் முதலிடம் ஈரத்துக்கு. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். 660 டிகிரியில் உருகும் அலுமினியத்துக்கு அடியில் ஒரு சொட்டு மாட்டினாலும், அந்த ஆவி உலோகத்தை முகத்துக்கே தூக்கி அடிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் இது இன்னும் ஏமாற்றும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் இறுகிய பிளாஸ்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதன் பொருளோடு பிணைந்த தண்ணீர். வெயிலில் வைத்தால் அது போகாது. 200 டிகிரிக்கு மேல் ஓவனில் வைத்து, அவ்வப்போது நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகே ஊற்ற வேண்டும். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண் பூசிய அச்சை நிழலில் காயவைத்து, பிறகு சூடாக்கி மெழுகை வடித்துவிட்டுத்தான் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.

அச்சு மட்டுமல்ல, கரண்டி, கிளறும் கம்பி, மூசையில் (உலோகத்தை உருக்கும் கிண்ணத்தில்) புதிதாகப் போடும் துண்டு எல்லாமே முதலில் அடுப்பின் ஓரத்தில் சூடேற வேண்டும். கான்கிரீட் தரையில் வேலை செய்யாதீர்கள். உலோகம் சிந்தினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, தரையே வெடித்துச் சிதறும். காய்ந்த மணல் பரப்பிக்கொள்ளுங்கள். மணல் அச்சு என்றால் ஒரு பிடி மணலை இறுக்கிப் பிடித்து உடைத்துப் பாருங்கள். இரண்டாக நறுக்கென்று பிளந்தால் சரி, கையில் ஒட்டினால் ஈரம் அதிகம். மூசைக்கு ஜிஐ பைப் வேண்டவே வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு புகைந்து, சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சலில் தள்ளிவிடும்.

குளிர்பான கேன்களை உருக்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. உருகும், ஆனால் பாதிக்குப் பாதி கசடாகப் போனாலும் ஆச்சரியமில்லை. பழைய பிஸ்டன், என்ஜின் மூடி போன்றவை ஏற்கெனவே வார்ப்புக்கென்றே கலந்த அலுமினியம், அவை சுத்தமாக ஓடும். முதல் முயற்சிக்கு அலுமினியமே வேண்டாம் என்பேன். ஈயம் கலக்காத வெள்ளீயக் கலவை 230 டிகிரியை ஒட்டி உருகிவிடும், வெப்பம் தாங்கும் சிலிக்கான் அச்சிலேயே ஊற்றலாம். அச்சுக்குள் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினால் மெல்லிய மூலைகளிலும் உலோகம் இறங்கும்.

அப்புறம் ரப்பர். மாதிரிப் பொருளின் மேல் சிலிக்கான் ரப்பரை ஊற்றி, ஒரு நாள் காத்திருந்து அச்சைப் பிரித்தால், வெளிப்புறம் கெட்டியாகவும் அந்தப் பொருளை ஒட்டிய பக்கம் மட்டும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். ரப்பரை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னரைக் குறை சொல்வார்கள். பிளாட்டினத்தால் இறுகும் சிலிக்கானுக்குக் கந்தகம் ஆகாது; கந்தகம் கலந்த களிமண்ணில் மாதிரி செய்திருந்தாலோ, லேடெக்ஸ் கையுறை பட்டிருந்தாலோ அந்த இடம் இறுகவே இறுகாது. மாதிரியின் மறைவான ஓரத்தில் ஒரு துளி தடவிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பிளாட்டினம் இல்லாத மற்ற வகை சிலிக்கானில், 100 கிராமுக்கு 2 அல்லது 3 கிராம் ஹார்ட்னர் என்று டப்பாவில் போட்டிருக்கும். சமையலறைத் தராசு ஒரு கிராம் கூடவோ குறையவோ காட்டினால் கணக்கே தலைகீழ். 0.1 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள். இரண்டு பாதி அச்சு செய்யும்போது முதல் பாதியில் வாசலின் தடவ மறக்காதீர்கள், சிலிக்கானோடு சிலிக்கான் ஒட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பாலியூரித்தேன் ரப்பரில் மறுபடியும் ஈரம்தான் எதிரி. காகிதக் கோப்பையிலும் மரக்குச்சியிலும் இருக்கும் ஈரமே போதும், பாகம் முழுக்கக் குமிழி கட்டும். பிளாஸ்டிக் கோப்பையில் கலக்குங்கள். திறந்த டப்பாவை மழைக்காலத்தில் உடனே இறுக மூடுங்கள். ஊற்றும்போது நூல் மாதிரி மெல்லிய தாரையாக, அச்சின் ஒரே மூலையில் விடுங்கள். ரப்பர் தானாக ஏறி வர, காற்று முன்னால் வெளியேறிவிடும்.