லேசர் லென்ஸைத் துடைப்பது எப்படி?
ஓசூரில் லேசர் மெஷினில் அக்ரிலிக் பெயர்ப்பலகை வெட்டிக் கொடுப்பது என் தொழில். நேற்றுவரை ஒரே ஓட்டத்தில் வெட்டுப்பட்ட 3 மி.மீ. அக்ரிலிக், இன்று அடியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் உடனே பவரைக் கூட்டாதீர்கள். லேசர் கதிரை உண்டாக்கும் டியூபின் ஆயுள்தான் குறையும். முதலில் கதிரைக் குவிக்கும் லென்ஸைப் பாருங்கள்.

மெஷினை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு வாயு உள்ள அந்த டியூபுக்குப் போவது பல ஆயிரம் வோல்ட். அந்தப் பக்கம் கையே போக வேண்டாம்.

லென்ஸ் ஆறியதும் கழற்றி, விளிம்பை மட்டும் பிடித்து, டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். மஞ்சள் கண்ணாடி போலத் தெரிவது உண்மையில் ஜிங்க் செலினைடு. இந்த லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். சாதாரணக் கண்ணாடி அதை உறிஞ்சிவிடும்; இது உள்ளே விடும். நடுவில் பழுப்பாகப் புகை படிந்திருந்தால் அந்த அழுக்கு கதிரை விழுங்கிச் சூடாகும், அப்புறம் லென்ஸே விரிசல் விடும்.

தூசியை, அமுக்கினால் காற்று வரும் ரப்பர் பல்பால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். லென்ஸ் துடைக்கும் தாளில் இரண்டு சொட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டு, அழுத்தாமல், ஒரே திசையில் மெதுவாக இழுங்கள். லென்ஸ் மென்மையான பொருள், சட்டெனக் கீறல் விழும். இழுத்த தாளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். என் கடையில் பனியன் துணியால் துடைக்க யாரையும் நான் விடுவதே இல்லை.

மாட்டும்போது குவிந்த பக்கம் மேலே, கதிர் வரும் திசையைப் பார்த்து இருக்கட்டும். லென்ஸ் உடைந்தால் துண்டுகளைக் கையுறை போட்டு எடுங்கள். அதன் தூள் நஞ்சு.