புது ஆல்பத்தை இன்னொருவருக்குச் சொல்வது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் 14 ஆல்பங்களின் லிங்க்கை வரிசையாகப் போட்டு, "எல்லாமே செம, கேளுங்க" என்று எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். கேட்டவர் யாரும் இல்லை. இப்போது ஒரு ஆளுக்கு ஒரு ஆல்பம்தான் சொல்கிறேன். அதற்கான வேலை இது.

படி 1: வெள்ளிக்கிழமையைப் பிடியுங்கள்

2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையில்தான் வருகின்றன. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள் என்று நாட்டுக்கு ஒரு நாள் இருந்தது. விதிவிலக்கும் உண்டு. அமெரிக்க ராப் பாடகர் டைலர் த கிரியேட்டர் தன் 'குரோமகோப்பியா' ஆல்பத்தை 2024 அக்டோபர் 28, திங்கட்கிழமை வெளியிட்டார்.

வருவதையெல்லாம் கேட்க ஒரு ஆயுள் போதாது. வாரத்துக்கு இரண்டு எடுங்கள்: ஒன்று உங்களுக்குப் பழகிய வகை, இன்னொன்று பழகாதது. பழகாத வகையில் எதை எடுப்பது என்று குழம்பினால் லேபிளை, அதாவது ஆல்பத்தை வெளியிடும் நிறுவனத்தைப் பாருங்கள். ஜாஸ் என்றால், 1969இல் ம்யூனிக்கில் தொடங்கிய ஈ.சி.எம்., 1939இல் நியூயார்க்கில் தொடங்கிய ப்ளூ நோட் இரண்டும் இன்னும் புது ஆல்பங்கள் வெளியிடுகின்றன. லேபிள் பிடித்துப்போனால் பாதி வேலை முடிந்தது.

படி 2: வரிசை மாற்றாமல் இரண்டு தடவை கேளுங்கள்

நமக்கு ஆல்பம் என்றாலே சினிமாப் பாட்டு. ஒன்று டூயட், ஒன்று குத்து, ஒன்று சோகம். எங்கிருந்து ஆரம்பித்தாலும் குடி முழுகாது. மற்ற ஆல்பங்கள் பலவற்றை அப்படிக் கேட்க முடியாது. 2024 நவம்பர் 1 அன்று, 16 வருட இடைவெளிக்குப் பிறகு த கியூர் என்ற ஆங்கில ராக் குழு வெளியிட்ட 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' இதற்கு நல்ல உதாரணம். மொத்தமே எட்டுப் பாட்டு. முதல் பாட்டில் மூன்று நிமிடத்துக்கு மேல் வெறும் வாத்தியம்தான். அதற்கப்புறம்தான் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்கிறார். அரை நிமிடத்தில் தள்ளிவிடுகிற ஆளாக இருந்தால் அவர் குரலைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதியிருப்பீர்கள்.

படி 3: மூன்று வரி எழுதுங்கள்

என்ன சத்தம், எப்போது கேட்கலாம், எந்தப் பாட்டில் நுழையலாம். அவ்வளவுதான். மூன்றாவது வரிதான் உயிர். த கியூருக்கு நான் எழுதியது: "மெதுவான கிடார், கனமான டிரம்ஸ், வயதாவதைப் பற்றிய பாட்டுகள். இரவு, தனியாக. முதல் பாட்டிலேயே நுழையலாம், ஆனால் பொறுமை வேண்டும்." நட்சத்திர மதிப்பெண் போடாதீர்கள். நாலரை நட்சத்திரம் என்றால் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

படி 4: ஆளைக் கேளுங்கள்

"உனக்கு என்ன ஜானர் (இசை வகை) பிடிக்கும்?" என்று கேட்டால் "எல்லாம் கேட்பேன்" என்றுதான் பதில் வரும். "சமீபத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு எது? அதில் எந்த இடம்?" என்று கேளுங்கள். ஒருவர் வயலின் வரும் இடத்தைச் சொல்வார், இன்னொருவர் ஒரு வரியைச் சொல்வார். தேவையான தகவல் அதுதான்.

படி 5: பொருத்துங்கள்

நான் பொருத்திய மூன்றைச் சொல்கிறேன்.

கர்நாடக சங்கீதம் தவிர வேறெதையும் காதில் வாங்காத மாமா. அவருக்கு சக்தி குழுவின் 'திஸ் மொமெண்ட்' (2023). ஜான் மெக்லாக்லின் கிடார், ஜாகிர் உசேன் தபலா, சங்கர் மகாதேவன் குரல், கணேஷ் ராஜகோபாலன் வயலின், செல்வகணேஷ் கஞ்சிரா. 2024இல் கிராமி வாங்கிய ஆல்பம் என்றேன், மாமா அசையவில்லை. எழுபதுகளில் இதே குழுவில் கடம் வாசித்த விக்கு விநாயகராமின் மகன்தான் செல்வகணேஷ் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நுழைவாசல், 'மோகனம்' என்றே பெயர் வைத்த பாட்டு.

"ராப்பில் மெலடியே கிடையாது" என்கிற தங்கை. அவளுக்கு ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 'ஜி.என்.எக்ஸ்.'. 2024 நவம்பர் 22 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் வந்தது. 12 பாட்டு, முக்கால் மணி நேரம்கூட இல்லை. முதல் பாட்டே ஒரு மரியாச்சி (மெக்சிகோ நாட்டுப்புற இசை) பாடகியின் ஸ்பானியக் குரலில்தான் தொடங்குகிறது. ஆனால் அவளுக்கு நான் சொன்ன வாசல் 'லூதர்', பாடகி சீஸாவுடன் சேர்ந்து பாடிய மென்மையான பாட்டு.

அதே நாளில் வந்தது ஓப்பெத் குழுவின் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'. ஸ்வீடன் நாட்டு மெட்டல், அதாவது கனமான, முரட்டு ராக். 2008 ஆல்பத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பாடகர் மிகேல் ஓக்கர்ஃபெல்ட்டின் உறுமல் குரல் திரும்பி வந்திருக்கிறது. மெட்டல் கேட்டுப் பழகாத நண்பனிடம் "உறுமல் அருமை" என்றால் ஓடியே போவான். "பெரிய வீட்டுக் கிழவர் செத்துப்போகிறார், உயிலை வாசிக்கிறார்கள், குடும்ப ரகசியம் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது" என்றேன். சொத்துத் தகராறுக் கதை நமக்குப் புதுசா என்ன! முதல் ஏழு பாட்டுக்குப் பெயரே கிடையாது, உயிலின் பத்திகள் மாதிரி வெறும் எண்தான். உறுமலே இல்லாத கடைசிப் பாட்டை முதலில் கேட்கச் சொன்னேன். கதை முடிவு முன்பே தெரிந்துபோகும், பரவாயில்லை.

படி 6: அனுப்புங்கள், அப்புறம் சும்மா இருங்கள்

செய்தி சின்னதாக இருக்கட்டும். தங்கைக்கு நான் அனுப்பியது: "ஏய், நீ மெலடி இல்லைன்னு சொன்னியே, இதுல 'லூதர்' மட்டும் கேளு. பஸ்ல போறப்ப. பிடிக்கலைன்னா விட்டுடு." ஒரே ஒரு லிங்க்.

மறுநாளே "கேட்டாச்சா?" என்று துரத்தாதீர்கள். ஒரு வாரம் கழித்து, "எந்தப் பாட்டில் நிறுத்தினே?" என்று கேளுங்கள். தங்கை நாலாவது பாட்டில் நிறுத்தினாள். மாமா 'மோகனம்' கேட்டுவிட்டு, கிடார்காரர் ஓரிடத்தில் ஸ்வரம் பிசகினாரா இல்லையா என்று அரை மணி நேரம் போனில் வாதாடினார். இரண்டையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.