ஒரு தையல், ஒரு ஆள்: அகதிகளுக்கான கூட்டு எம்பிராய்டரியில் நீங்களும் சேரலாம்

2019இல் அமெரிக்காவின் சேக்ரமென்டோ நகரத்தில் ஜெனிஃபர் கிம் சோன் என்ற கலைஞர் ஒரு பெரிய வேலையைக் கையில் எடுத்தார். அப்போது உலகத்தில் அகதிகள் ஏறக்குறைய இரண்டரைக் கோடி. ஆளுக்கு ஒன்று என்று இரண்டரைக் கோடி தையல், எல்லாமே கையால். நிமிடத்துக்கு 20 தையல் போட்டாலும் ஒரே ஆளுக்கு 20,000 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் பல நாடுகளிலிருந்து 2,000 பேருக்கு மேல் தைத்து அனுப்பினார்கள். இந்த மாதிரி வேலை எங்காவது நடந்தால், அல்லது நீங்களே உங்கள் பள்ளியில் தொடங்கினால், எனக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்தது இது.

காடாத் துணி போதும். வெட்டும் முன் அலசிக் காயவையுங்கள், இல்லாவிட்டால் பிறகு சுருங்கும். சுற்றிலும் இரண்டு அங்குலம் வெறுமையாக விடுங்கள், பக்கத்துத் துணியோடு இணைக்க அந்த இடம் வேண்டும். அப்புறம் சிவப்பு, கறுப்பு, கருநீல நூலை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் தைத்து, அலசும்போது சிவப்புச் சாயம் இறங்கி, பக்கத்தில் மஞ்சளில் தைத்திருந்த வீடு முழுக்கப் பரவிவிட்டது. மூன்று வார வேலையைப் பிரித்தேன்.

ஆறு இழை நூலில் இரண்டை மட்டும் உருவுங்கள், முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம் இருந்தால் சிக்காது. முடிச்சு வேண்டாம், அது முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும்; நுனியைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் செருகிவிடுங்கள். எம்பிராய்டரியே தெரியாது என்றாலும் தயங்க வேண்டாம், ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டும் ஓட்டுத் தையல் வந்தால் போதும், ஒரு அரிசி நீளத்துக்கு ஒன்று. வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அதன் தடம் போகவே போகாது.

என்ன தைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. கண்ணீர்விடும் கண், முள்வேலி என்று பொதுவாகப் போகாதீர்கள், அதில் ஒரு ஆள்கூடத் தெரியமாட்டார். 1975க்குப் பிறகு லாவோஸிலிருந்து தப்பித் தாய்லாந்து முகாம்களுக்குப் போன ஹ்மாங் மக்கள் தாங்கள் மீகாங் ஆற்றைக் கடந்து வந்ததையே துணியில் தைத்தார்கள்: ஆறு, தெப்பம், முதுகில் குழந்தை. நம் பக்கத்திலேயே 1983க்குப் பிறகு கடல் கடந்து மண்டபம் முகாமில் வந்திறங்கியவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது அப்படி வந்திருந்தால், வரும்போது கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள், அவர்களுக்குச் சம்மதம் என்றால் அதைத் தையுங்கள். பாலஸ்தீனத் தையலில் ஊருக்கு ஊர் தனித்தனிப் பூவேலை உண்டு. எந்த ஊருடையது என்று தெரியாமல் அழகுக்காக எடுத்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எத்தனை தையல் போட்டீர்கள் என்று கேட்டால், ஒரு அங்குலக் கட்டத்தில் எண்ணிப் பெருக்கிச் சொல்லலாம். நான் அப்படிச் செய்வதில்லை. நூறு முடிந்ததும் நோட்டில் பென்சிலால் ஒரு கோடு. ஒவ்வொன்றும் ஒரு ஆள் என்று சொல்லிவிட்டு, உத்தேசமாக ஒரு எண்ணை எழுத எனக்கு மனசு வராது.

முடிந்ததும் துண்டை விரித்து அதன்மேல் துணியைக் கவிழ்த்துப் பின்பக்கம் தேய்த்தால் தையல் நசுங்காது. மடிக்காமல் அட்டைக் குழாயில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் உறை போடுங்கள். பெயரையும் எண்ணிக்கையையும் பேனாவால் எழுதாமல் சின்னத் துணியில் தைத்து, பின்பக்கம் சேர்த்துவிடுங்கள். அனுப்பும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டுத் தபால் என்றால் கடைசித் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.