சாலையோரத் தடுப்புச் சுவர்: அஸ்திவாரத்துக்கு முன் மண்ணை எப்படிப் பார்ப்பது?

சாலையோரத்தில் மேலே தெரிவது பெரும்பாலும் அந்த இடத்து மண் அல்ல. சாலையை உயர்த்தியபோது லாரியில் வந்து இறங்கிய கிராவல். அடியில் தூர்ந்த வாய்க்கால் இருக்கலாம், கண்மாய்க் களி இருக்கலாம், கட்டட இடிபாடுகூட இருக்கலாம். ஒரு மீட்டர் தோண்டிவிட்டு "கெட்டியாத்தான் இருக்கு" என்று சொன்னால், அந்தக் கிராவலைப் பற்றி மட்டும்தான் சொன்னதாகும்.

சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் 60 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரத்துக்கு, பின்னாலிருக்கும் மண்ணைத் தாங்க ஒரு சுவர் என்று வைத்துக்கொள்வோம். இரு முனையிலும் நடுவிலுமாக மூன்று போர், அதாவது மண்ணைப் பார்க்கத் துளைக்கும் ஆழ்துளைகள். புலப்படத்தில் பழைய வாய்க்கால் சுவர்க்கோட்டை வெட்டிப் போவதாகத் தெரிந்தால் அங்கே நான்காவது. ரிக் (துளையிடும் இயந்திரம்) நிறுத்த வசதி என்று சாலை விளிம்பில் போடாதீர்கள். அடிமானம் (சுவரின் அகன்ற அடித்தளம்) உட்காரப்போகும் கோட்டிலேயே போட வேண்டும். குடிநீர்க் குழாய், கேபிள் போகும் என்பதால் முதல் ஒன்றரை மீட்டரைக் கையால்தான் தோண்ட வேண்டும்.

ஆழம்: அடிமானம் 2 மீட்டர் அகலம், தரையிலிருந்து 1.5 மீட்டர் கீழே என்றால், அடிமட்டத்துக்குக் கீழ் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது மொத்தம் 4.5 மீட்டராவது வேண்டும். அங்கேயும் மெத்தென்ற களி வந்தால் நிறுத்தாமல் கெட்டி மண் வரைக்கும் போங்கள். பாறை தட்டினால் உடனே நம்ப வேண்டாம், தனிக் குண்டுக்கல்லாக இருக்கலாம். 3 மீட்டர் நீளத்துக்குக் கோர் (பாறையின் உருளை மாதிரி) எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு 1.5 மீட்டரிலும், மண் மாறும் இடத்திலும் எஸ்.பி.டி. சோதனை, அதாவது சம்மட்டியால் அடித்துக் குழாயை இறக்கி மண்ணின் கெட்டியைப் பார்ப்பது. 63.5 கிலோ சம்மட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ வேண்டும். 15 செ.மீ.க்கு ஒரு முறை அடிகளை எண்ணுங்கள். 4, 5, 6 என்று வந்தால் முதல் நான்கைத் தள்ளிவிட வேண்டும். மற்ற இரண்டின் கூட்டல், 11, அதுதான் N மதிப்பு. மேலும் கீழும் 9, 10 வந்து நடுவில் மட்டும் 40 என்றால் மகிழ வேண்டாம். குழாய் முனையில் சுக்கான்கல் சிக்கியிருக்கும். மணலில் நடப்பது இதற்கு நேர் எதிர். போரிலுள்ள தண்ணீரை இறைத்துவிட்டால் கீழிருந்து நீர் பொங்கி மணலைக் குலைத்துவிடும், N மதிப்பு பொய்யாகக் குறையும். அதனால் போருக்குள் நீர்மட்டம் வெளியே உள்ளதைவிடத் தாழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிசலில் தாங்கும் திறனைவிட, ஈரத்தில் மண் எவ்வளவு உப்பும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். உலர்த்தி 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணில் 10 கிராம் வீதம், 100 மி.லி. அளவுக் குடுவை இரண்டில் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். கிளறிக் காற்றுக் குமிழ்களைப் போக்கிவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். உதாரணத்துக்கு, மண்ணெண்ணெயில் மண் 12 மி.லி.யில் அப்படியே கிடக்கும். நீரில் 21 வரை பொங்கி நிற்கும். வித்தியாசம் 9; அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 75 சதவீதம். 50ஐத் தாண்டினாலே சாதாரண அடிமானம் போதாது. ஈரம் ஏறி இறங்கும் ஆழம் கரிசலில் சுமார் 3.5 மீட்டர் வரை போகும். அதற்குக் கீழே ஊன்றுவதா, மண்ணை மாற்றுவதா என்று வடிவமைப்பாளர் முடிவு செய்யட்டும்.

நீர்மட்டத்தைப் போர் முடிந்து 24 மணி நேரம் கழித்து அளந்து, தேதியோடு எழுதுங்கள். மே மாத அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஐப்பசியில் சுவரின் பின்னால் நீர் அழுத்தும். பக்கத்துச் சிறுபாலத்தின் வெள்ளக் கறையும் ஊர்க்காரர்களின் வாயும் நல்ல சாட்சி. நீரிலும் மண்ணிலும் சல்பேட், குளோரைடு பார்க்கக் கொடுத்துவிடுங்கள்.

தட்டுச் சோதனை (இரும்புத் தட்டை மண்ணில் வைத்துப் பாரம் ஏற்றி, எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பது) மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள். 30 செ.மீ. தட்டின் அழுத்தம் சுமார் 60 செ.மீ. ஆழத்தோடு அடங்கிவிடும். ஒரு மீட்டர் கீழே கிடக்கும் களி அதற்குத் தெரியாது. 2 மீட்டர் அடிமானத்துக்கோ நன்றாகவே தெரியும்.

அஸ்திவாரக் குழி வெட்டியதும் மண்ணைப் போர் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். நிறமோ ஈரமோ மாறியிருந்தால் பி.சி.சி. (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) போடாமல் வடிவமைப்பாளரைக் கூப்பிடுங்கள். கடைசி 15 செ.மீ. மண்ணைக் கான்கிரீட் போடும் அன்று காலையில்தான் வெட்ட வேண்டும். திறந்து கிடக்கும் கரிசல் வெயிலில் வெடிக்கும், ஒரே மழையில் சேறாகும்.