வீட்டு கேரேஜில் பெர்ஃபார்மன்ஸ் டயர் மாட்டுதலும் பேலன்ஸ் செய்தலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயர் அளவில் முதல் எண் மி.மீ. கணக்கில் அகலம், அடுத்தது பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 185/70 அளவுள்ள சாதாரண டயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 130 மி.மீ. உயரம் கொண்டது, 245/35 அளவுள்ள பெர்ஃபார்மன்ஸ் டயரில் அது 86 மி.மீ. மட்டுமே. வீட்டில் டயர் மாட்டுபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த 44 மி.மீ. வித்தியாசத்தை மறந்துவிடுவதால் நேர்பவை. உயரமான பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும் என்பதால், செய்முறையில் நேரும் சிறு பிழைகளை அது பொறுத்துக்கொள்ளும். குட்டையான, விறைத்த பக்கச்சுவர் எதையும் பொறுத்துக்கொள்ளாது. அதில் தவறான இடத்தில் கொடுக்கும் பலம் டயரின் பீடையோ (ரிம்மில் பொருந்தி அமரும் உள் ஓரத்தையோ), ரிம்மின் விளிம்பையோ, சில வேளைகளில் நம் விரலையோ பதம் பார்த்துவிடும்.

கருவியைக் கையில் எடுக்கும் முன்பே நடக்கும் தவறு ஒன்று உண்டு. சமச்சீரற்ற டயரில் உட்புறம், வெளிப்புறம் எனத் தனித்தனியாகப் பொறித்திருப்பார்கள்; திசை உள்ள டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். நான்கு டயர்களையும் மாட்டி, காற்றடித்து, நிமிர்ந்து பார்க்கும்போது ஒன்றில் மட்டும் 'உட்புறம்' என்ற எழுத்து வெளியே சிரித்துக்கொண்டிருக்கும். எனவே ஒவ்வொரு ரிம்மிலும் அது எந்த மூலைக்கு உரியது என்பதைச் சாக்பீஸால் எழுதி, டயரை அதன் மேல் சரியான முகத்தோடு படுக்க வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். முன்னும் பின்னும் வெவ்வேறு அகலம் கொண்ட கார்களில் இது இன்னும் அவசியம். வேகக் குறியீட்டையும் அப்போதே பார்த்துவிடலாம்: எச் என்றால் மணிக்கு 210 கி.மீ., வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300. பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புக் காலத்தைச் சொல்லும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

பழைய டயரைக் கழற்றும்போது முதலில் வால்வு முள்ளை (வால்வுக்குள் காற்றை அடைத்து நிறுத்தும் சிறு ஊசியை) முழுவதும் வெளியே எடுத்துவிட வேண்டும். காற்று போய்விட்டது என்று நினைத்து உள்ளே கொஞ்சம் அழுத்தத்தை விட்டுவைப்பது பொதுவான கவனக்குறைவு. அடுத்தது பீடை அதன் இருக்கையிலிருந்து தள்ளி விடுவது. ரிம்மில் பீடு அமரும் இடத்துக்கு உட்புறமாக ஒரு சிறு மேடு இருக்கிறது. திருப்பங்களில் டயர் ரிம்மை விட்டு நழுவாமல் தடுப்பது அந்த மேடுதான். பீடு அதைத் தாண்டி இறங்கினால்தான் டயர் விடுபடும். காருக்கு அடியில் டயரை வைத்து ஜாக்கியால் அழுத்துவது, இன்னொரு வண்டியை அதன் மேல் ஏற்றுவது போன்ற குறுக்குவழிகள் எஃகு ரிம்முக்குச் சரிப்பட்டு வந்திருக்கலாம். ஆனால் அலாய் ரிம்மின் விளிம்பு ஓரிடத்தில் குவியும் பாரத்தைத் தாங்காமல் விண்டுவிடும். ஜாக்கி நழுவினால் ஸ்டாண்டில் நிற்கும் காரும் சாயும். கையால் இயக்கும் பீடு பிரேக்கர் ஒன்றை வாங்கி, பீடுக்கு மிக அருகே அதன் பாதத்தை வைத்து, சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாக அழுத்துவதே போதும்.

டயர் அழுத்தத்தை உணரும் சென்சார் பெரும்பாலான கார்களில் வால்வின் அடிப்பகுதியோடு சேர்ந்தே இருக்கும். நான் முதன்முதலில் கழற்றிய டயரில், பிடித்து அழுத்த வசதியாக இருக்கிறதென்று வால்வுக்கு நேர் மேலேயே பீடு பிரேக்கரின் பாதத்தை வைத்தேன். பென்சில் ஒடிவது போன்ற ஒரு சிறு சத்தம் மட்டும் கேட்டது. அது என்னவென்று புரிந்தது டயரைப் பிரித்த பிறகுதான். பீடை இறக்கும் வேலையை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்க வேண்டும். புது டயரை ஏற்றும்போதும் பீடை நெம்பி ஏற்றும் லீவர் நுழையும் இடத்தில் சென்சார் இருக்கக் கூடாது. பீடு ரிம்மின் பள்ளத்தில் அழுந்தும் இடத்திலும் இருக்கக் கூடாது. அது இரண்டுக்கும் பக்கவாட்டில் இருக்குமாறு ரிம்மைத் திருப்பி வைத்துக்கொள்வது நல்லது.

இனி இந்த வேலையின் உயிர்நாடிக்கு வருவோம். பீடுக்குள் ஓடும் எஃகுக் கம்பி நீளாது. அதன் உட்சுற்றளவு ரிம் விளிம்பின் சுற்றளவைவிடச் சிறியது. நீளாத சிறிய வளையம் பெரிய வட்டத்தை எப்படித் தாண்டுகிறது என்றால், ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் இடையே ஒரு பள்ளம் இருப்பதால்தான். வளையத்தின் ஒரு பக்கம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால், எதிர்ப்பக்கத்தில் விளிம்பைத் தாண்டத் தேவையான இடைவெளி கிடைக்கும். இதை உணராதவர் கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொள்வார். மேல் பீடில் முக்கால் பங்கு உள்ளே போயிருக்கும். ஒரு சாண் நீளம் மட்டும் விளிம்புக்கு மேலே விறைத்து நிற்கும். லீவரை நுழைத்து இழுப்பார், நகராது. இன்னும் நீளமான கடப்பாரையைத் தேடுவார். பார்க்க வேண்டிய இடமோ லீவர் இருக்கும் பக்கமல்ல, அதற்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கே பீடு பள்ளத்திலிருந்து ஏறி, மேட்டின் அருகே போய் உட்கார்ந்திருக்கும். முழங்காலை அங்கே ஊன்றி, பீடு மீண்டும் பள்ளத்தில் இறங்கும்படி அழுத்தி, அது ஏறிவிடாமல் ஒரு பிளாஸ்டிக் கட்டையைச் செருகிவிட்டு வந்தால், சற்று முன் அசையாத அந்த ஒரு சாண் சாதாரண லீவருக்கே வழிவிடும். விறைத்த பக்கச்சுவர் எப்போதும் பள்ளத்திலிருந்து வெளியேறவே பார்க்கும் என்பதால், உதவிக்கு ஒருவர் இருந்தால் அவரை அந்தப் பக்கத்தில் நிறுத்துவதே சரி.

பள்ளம் ரிம்மின் சரிநடுவில் இருப்பதில்லை. பெரும்பாலும் முகப்புப் பக்கத்துக்கு நெருக்கமாக இருக்கும். டயரின் இரு பீடுகளும் பள்ளத்துக்கு நெருக்கமான பக்கத்தின் வழியாகவே ஏறவும் இறங்கவும் வேண்டும். முகப்பில் கீறல் விழக் கூடாதென்று ரிம்மைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்பவர், தன்னையறியாமல் கடினமான வழியைத் தேர்ந்துகொள்கிறார். சில ரிம்களில் பள்ளம் பின்பக்கத்துக்கு நெருக்கமாக இருப்பதும் உண்டு. ஆகவே டயர் இல்லாத ரிம்மை ஒரு முறை கையால் தடவிப் பார்த்து, எந்தப் பக்கத்தில் பள்ளத்துக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள திண்ணை குறுகலாக இருக்கிறது என்று அறிந்த பிறகே டயரை எடுக்க வேண்டும். கீறலைத் தடுக்க, விளிம்பில் மாட்டும் பிளாஸ்டிக் உறைகள் இருக்கின்றன.

பலத்தால் ஏற்றிய பீடின் ஓரம் கிழிந்து கம்பி எட்டிப் பார்த்தால், அந்த டயர் புதிதாக இருந்தாலும் அதை ஓட்டத் தகாததாகவே கருத வேண்டும். குளிரும் இதே சேதத்துக்கு வழிசெய்யும்; கோடைக்கால பெர்ஃபார்மன்ஸ் டயர்களின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நன்றாக இறுகிவிடுகிறது. அத்தகைய நாளில் டயரை முந்தைய இரவே வெதுவெதுப்பான அறையில் வைத்திருந்து எடுக்க வேண்டும்.

வழுக்குப் பொருளில் இருவகைத் தவறுகள் உண்டு. கிரீஸ், என்ஜின் ஆயில், பெட்ரோலியம் கலந்த ஸ்பிரே ஆகியவை ரப்பரைக் கெடுக்கும், உலராமலும் கிடக்கும். பாத்திரம் துலக்கும் திரவத்தில் பெரும்பாலும் உப்பு இருப்பதால் அலாய் ரிம்மில் அரிப்பு உண்டாகும். டயர் மாட்டுவதற்கென்றே விற்கும் சோப்புப் பசை விலை அதிகமில்லாதது. அதைப் பீடின் இரு பக்கங்களிலும் ரிம்மின் விளிம்பிலும் மெல்லியதாகப் பூச வேண்டும். இரண்டாவது தவறு அதை அள்ளிப் பூசுவது. ஈரம் உலர்வதற்குள் வேகமாகக் கிளப்பினாலோ, அழுத்திப் பிரேக் பிடித்தாலோ, ரிம் சுழலும், டயர் அதே இடத்தில் நழுவும். சக்தி மிகுந்த கார்களில் இது அரிய செய்தியல்ல.

உயிருக்கு ஆபத்தான தவறு காற்றடிக்கும்போது நேர்வது. பீடு இருக்கையில் அமர மறுத்தால் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது மனித இயல்பு. பீடை அமர்த்த 40 பிஎஸ்ஐ-க்கு மேல் போகக் கூடாது என்பது டயர் தயாரிப்பாளர்களின் பொது எச்சரிக்கை. பல டயர்களின் பக்கச்சுவரிலேயே இதைப் பொறித்திருக்கிறார்கள். அந்த அளவை எட்டியும் அமரவில்லை என்றால் காற்றை முழுவதும் இறக்கி, பீடுக்கு மறுபடியும் பசை பூசி, எங்கே இடிக்கிறது என்று பார்த்து, மீண்டும் தொடங்க வேண்டும். வால்வில் தானே கவ்விக்கொள்ளும் முனையும், நீளமான குழாயும், அழுத்தமானியும் இருந்தால் தள்ளி நின்று காற்றடிக்கலாம். கையையும் முகத்தையும் டயரின் மேல் நீட்டக் கூடாது. பீடு ரிம்மைத் தொடாமல் காற்று ஓடிப்போகிறது என்றால், வால்வு முள்ளைக் கழற்றிய நிலையில் அடித்தால் காற்று வேகமாக உள்ளே பாயும். எரியும் ஸ்பிரேயை உள்ளே அடித்துத் தீ வைத்து டயரை 'டப்' என்று உட்கார வைக்கும் காணொளிகள் உலவுகின்றன. அதை வித்தை என்று சொல்லலாம், வேலை என்று சொல்ல முடியாது.

இரண்டு முறை 'டப்' சத்தம் கேட்டுவிட்டதாலேயே பீடு சரியாக அமர்ந்துவிட்டது என்று பொருளல்ல. ரிம் விளிம்பை ஒட்டிப் பக்கச்சுவரில் மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி இரு பக்கங்களிலும் சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்திருந்தால் டயர் அங்கே முழுதாக ஏறவில்லை. அதை எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் வண்டி குதிக்கும். வால்வைப் பற்றி ஒரு சொல்: சென்சாரின் அலுமினியத் தண்டில் சாதாரணப் பித்தளை முள்ளைப் போட்டால் இரண்டும் அரித்துப் பிணைந்துவிடும், நிக்கல் பூசிய முள்ளே அதற்கு உரியது.

பேலன்ஸ் செய்வதில் எவ்வளவு துல்லியம் தேவை என்பதை ஒரு கணக்கு விளக்கும். 245/35 டயர் மாட்டிய 18 அங்குல ரிம்மின் விளிம்பில் 10 கிராம் கூடுதலாக இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 17 முறை சுழலும். அந்த 10 கிராம் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் 240 கி.மீ. வேகத்தில் அது பத்துக் கிலோவைத் தாண்டும்.

வீட்டில் பயன்படும் இருவகைக் கருவிகளும், அதாவது நீர்மட்டக் குமிழ் கொண்டதும் பேரிங்குகள் மேல் சக்கரம் சுழல்வதும், நிலைப் பேலன்ஸை, அதாவது சக்கரத்தின் எந்தப் பக்கம் கனமாகச் சாய்கிறது என்பதை, மட்டுமே காட்டும். பேரிங் வகையில் கனமான பகுதி தானே கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் மேலே வெயிட் வைக்க வேண்டும். இங்கே பலர் கருவியைச் சோதிக்காமலே நம்பிவிடுகிறார்கள். பேலன்ஸ் ஆனதாகத் தோன்றும் சக்கரத்தின் பக்கவாட்டில் 5 கிராம் வெயிட்டை ஒட்டிப் பாருங்கள். சக்கரம் அசையவில்லை என்றால் பேரிங்கில் உள்ள கிரீஸ் அந்த 5 கிராமை விழுங்கிவிடுகிறது, பேரிங்கைக் கழுவி மெல்லிய எண்ணெய் விட வேண்டும். குமிழ் வகையிலோ சக்கரத்தை மட்டும் 180 டிகிரி திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும்; குமிழ் பழைய திசையிலேயே நின்றால், கோணல் சக்கரத்தில் இல்லை, கருவியில் இருக்கிறது.

சோதனை வெயிட்டை ஓரிடத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு, இறுதி வெயிட்டை வேறோர் ஆரத்தில் ஒட்டுவது அடுத்த பிழை. விளிம்பில், மையத்திலிருந்து 230 மி.மீ. தொலைவில் 30 கிராம் போதுமானதாக இருந்தால், ரிம்மின் உட்சுவரில் 205 மி.மீ. தொலைவில் ஒட்டும்போது ஏறத்தாழ 34 கிராம் வேண்டும். அந்த வெயிட் முழுவதையும் உள் ஓரத்தில் ஒரே வரிசையாக ஒட்டுவதும் தவறு. அகலமான ரிம்மில் உள் ஓரத்தில் ஓரிடத்திலும், வெளி ஓரத்தில் அதற்கு எதிர்த்திசையிலும் சம அளவு கனம் இருந்தால், நிலைப் பேலன்ஸில் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும். ஓடும்போதோ சக்கரம் இடமும் வலமுமாக உதறும். எனவே தேவைப்படும் வெயிட்டைப் பாதிப் பாதியாக, ஒரே கோணத்தில், ஒன்றை உள் ஓரத்திலும் மற்றதை ஸ்போக்குகளுக்குப் பின்னாலும் ஒட்டினால், புதிதாக உதறலைச் சேர்க்காமலாவது இருக்கலாம். ஏற்கெனவே உள்ள உதறலை இந்தக் கருவிகள் காட்டவே காட்டா. நகரத்துக்குள் ஓடும் குறுகலான டயருக்கு இது போதும். எட்டு அங்குலத்துக்கு மேல் அகலமான ரிம்மில் அதிவேகமாக ஓட்டுபவர் வீட்டில் மாட்டிய சக்கரத்தை இயந்திரத்தில் ஒரு முறை சுழற்றிப் பார்த்துவிடுவதே என் பரிந்துரை.

ஒட்டும் வெயிட்டைப் பதிப்பதற்கு முன் ரிம்மின் உட்சுவரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட வேண்டும். பிரேக் தூசியின் மேல் ஒட்டியது முதல் மழையிலேயே உதிரும். பெரிய பிரேக் உள்ள கார்களில் காலிப்பருக்கும் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதிக்கும்) ரிம்முக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளிகூட இருப்பதில்லை. சக்கரத்தை மாட்டியதும் கையால் ஒரு முழுச் சுற்று சுழற்றி, வெயிட் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சக்கரம் பொருந்தும் ஹப்பின் முகத்தில் உள்ள துருவைத் தேய்த்து எடுக்காமல் மாட்டினால் சக்கரம் கோணலாக அமர்ந்து, பேலன்ஸ் செய்த உழைப்பெல்லாம் வீணாகும். நட்டுகளை எதிரெதிராக, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

காரைக் கீழே இறக்கும் முன், வால்வுக்கு நேராக ரிம்மிலும் டயரிலும் தொடரும்படி சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைப்பது என் வழக்கம். முதல் நாள் மென்மையாக ஓட்டி, மறுநாள் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். ரிம்மில் உள்ள பாதியும் டயரில் உள்ள பாதியும் இரண்டு விரற்கடை விலகி நின்றால் டயர் நழுவியிருக்கிறது. வெயிட்டுகளை எடுத்துவிட்டு அந்தச் சக்கரத்தை மீண்டும் பேலன்ஸ் செய்ய வேண்டியதுதான்.