பழைய குழாய் ஓர்கனின் வரலாற்றை அதன் உடம்பிலேயே வாசிப்பது

இலங்கை மலைநாட்டில் நுவரெலியா, டிக்கோயா பக்கத்துப் பழைய தேவாலயங்களில் ஓர்கன் இருந்தால், முதலில் அது குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் குழாய் ஓர்கன்தானா என்று பாருங்கள். காலால் மிதிக்கும் நாக்கு ஓர்கனிலும் (குழாயில்லாமல் உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிப்பது) அழகுக்குப் போலிக் குழாய்கள் வைத்திருப்பார்கள். பக்கப் பலகையைத் திறந்தால் உண்மை தெரியும்.

பிறகு விரலால் அழுத்தும் கட்டைகளை எண்ணுங்கள். இன்றைய ஓர்கனில் ஒரு வரிசைக்குப் பொதுவாக 61 கட்டைகள். 54 அல்லது 56 என்றால் 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானிய வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். செய்தவர் பெயர்ப்பலகை பிறகு மாட்டியதாகவும் இருக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம். மிகத் தாழ்ந்த கட்டையைக் கழற்றி அதன் பக்கவாட்டில் டோர்ச் அடியுங்கள். பென்சிலில் ஆண்டோ கையெழுத்தோ கிடைப்பதுண்டு. குழாய்களின் அடிப்பாகத்தில் சுர எழுத்து பொறித்திருக்கும். வெறுங்கையால் குழாயைப் பிடிக்காதீர்கள்: கைச்சூட்டில் சுருதி ஏறும், ஈயக்கலவையும் எளிதில் நசுங்கும்.

சுருதி அளக்கும்போது வெப்பநிலையையும் குறியுங்கள். ஒரு பாகை செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 3 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறும். A சுரம் இன்றைய 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 450ஐ ஒட்டி நின்றால், பழைய உயர் சுருதி என்று சந்தேகிக்கலாம்.

மலைநாட்டில் மோசமான எதிரி ஈரம். மரம் ஊதிக் கட்டை இறுகும், நிறுத்தாமல் ஒரு சுரம் ஊளையிடும். துருத்தித் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காக ஹீட்டர் வைத்தால் பலகை வெடிக்கும்; வெயில் நாளில் சன்னலைத் திறந்து வைப்பதே மேல். வார்னிஷ் மட்டும் அடிக்கவே கூடாது, அடையாளங்கள் அழிந்துவிடும்.

கடைசியாகச் சபையின் பழைய கணக்கேடுகளில் இவற்றைத் தேடுங்கள்: கப்பல் கூலி, துருத்தி இழுத்தவரின் சம்பளம், பழுதுச் செலவு.